எந்தத் திருப்பத்தூர்? ஆன்லைன் நண்பர்கள் சந்திப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம். இரவில் சேர்ந்து கேம் விளையாடும் ஏழு பையன்கள், மூன்று வருடப் பழக்கம், ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. இந்த லீவில் சந்திக்கப் போகிறார்களாம். "ஒருத்தன் நாகர்கோவில், ஒருத்தன் நாகப்பட்டினம். ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்துருவாங்க மாமா" என்றான். கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு ஊருக்கும் நடுவே நானூறு கிலோமீட்டருக்கு மேல்.

ஆனால் அவனைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எனக்குக் கிடையாது. தமிழ்க் குறுக்கெழுத்துப் போடும் வாட்ஸ்அப் குழு ஒன்றுக்கு 2017-இலிருந்து சந்திப்பு ஏற்பாடு செய்துவருகிறேன். முதல் மூன்றிலும் ஊர்க் குழப்பத்தால் மண்ணைக் கவ்வினேன். டிக்கெட்டைச் சீக்கிரம் எடு, சார்ஜரை மறக்காதே என்பதெல்லாம் இங்கே வராது. ஊர் விஷயம் மட்டும்.

பேச்சை வைத்து ஊரை முடிவு செய்வது

ஒருவர் வாய்ஸ் மெசேஜில் "ஏனுங்க" என்றதும் கோயம்புத்தூர் என்று எழுதிக்கொண்டேன். அவர் கரூர்க்காரர். கொங்குத் தமிழ் கோவையோடு முடிகிற சரக்கா? ஈரோடு, தாராபுரம், கரூர் என்று பரந்து கிடக்கிறது. தெற்கே இன்னும் மோசம். "ஏல" என்று யார் சொன்னாலும் நாம் நெல்லை ஆக்கிவிடுகிறோம். தூத்துக்குடி 1986-லேயே தனி மாவட்டமாகப் போய்விட்டது. நாகர்கோவில்காரரை நெல்லைக்காரர் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அவர்கள் பேச்சும் சமையலும் வேறு.

சொந்த ஊரைக் கேட்டுவிட்டு பஸ் பார்ப்பது

"எந்த ஊர்?" என்று கேட்டால் நம் ஆட்கள் அப்பா பிறந்த ஊரைத்தான் சொல்வார்கள். "நமக்குத் திருவாரூர்" என்ற நண்பரை மனதில் வைத்து 2018-இல் தஞ்சாவூரில் மண்டபம் பேசினேன். அவர் பதினைந்து வருடமாக பெங்களூரில் குடியிருக்கிறார். கிராமத்து வீட்டை விற்றே வெகுநாளாகிறது. பாவம், ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்துசேர்ந்தார். "அன்னிக்குக் காலைல எங்கேருந்து கிளம்புவீங்க?" என்று கேட்டிருக்க வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு ஊர்

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

குழுவில் ஒரு தம்பி. ஊர் எது என்றதற்குத் திருப்பத்தூர் என்று சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த திருப்பத்தூர் ஜோலார்பேட்டைப் பக்கத்தில், அன்றைய வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் அதைத் தனி மாவட்டமாக்கினார்கள். உடனே குழுவில் "தம்பி, உங்க ஊர் மாவட்டம் ஆயிருச்சு, வாழ்த்துகள்!" என்று போட்டேன். அவர் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

2020 பொங்கல் லீவின் கடைசி சனி ஞாயிறில் சந்திப்பு. எட்டுப் பேர். சென்னை, வேலூர், பெங்களூர், திருப்பத்தூர் என்று வடக்கே நாலு. திருச்சியில் நான், மதுரை, புதுக்கோட்டை, கரூர் என்று தெற்கே நாலு. தராசு சரியாக நிற்கிறது, உள்ளூர் ஆளும் இருக்கிறார், அப்புறம் என்ன? ஏலகிரி. ஜோலார்பேட்டையில் இறங்கினால் மலை பக்கம், பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறினால் ரூம். பன்னிரண்டாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினேன். கேன்சல் செய்தால் ஒரு பைசா திரும்பாது. தம்பியிடம், "மேலே ஏற வேன் சொல்லிருங்க, காலைல ஆறு மணிக்கு ஸ்டேஷன்ல நிக்கணும்" என்றேன். "சொல்லிரலாம்ணே" என்றார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏழு பேரும் பையோடு நிற்கிறோம். வேன் இல்லை, தம்பியும் இல்லை. போன் போட்டேன்.

"அண்ணே, இப்பத்தான் சேலம் வந்திருக்கேன். பொங்கல் கூட்டம்ணே, ராத்திரி பூரா நின்னுக்கிட்டே வந்தேன்."

"சேலத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"ஊர்லேருந்து வரணும்லண்ணே. திருச்சில மாறி, இங்கன மாறி…"

அவர் ஊர் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். பிள்ளையார்பட்டி, குன்றக்குடிப் பக்கம். ஒரு திருப்பத்தூரிலிருந்து இன்னொரு திருப்பத்தூருக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. இங்கிலீஷில் எழுதினாலாவது எழுத்து ஒன்று கூடும் குறையும், தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. (சமயபுரம் தாண்டி பிரம்மா கோயில் இருக்கிற ஊர் திருப்பட்டூர். வாட்ஸ்அப்பில் இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் அதுவும் இந்தக் கும்பலில் வந்து சேர்ந்துகொள்ளும்.)

வேனை அவர் போனில் யாரிடமோ சொல்லியிருக்கிறார், அந்த ஆள் வரவில்லை. லீவு நாள், வேறு வண்டிக்காரர் கேட்டது இரண்டு மடங்கு. கொடுத்தோம். ரூம்காரர் மதியத்துக்குமேல்தான் சாவி தருவேன் என்றார். உள்ளூர் ஆள் பேசிச் சமாளிப்பார் என்று அதையும் நான் முன்கூட்டிக் கேட்டு வைக்கவில்லை. தம்பி வந்து சேர்ந்தபோது பத்தரை. காலெல்லாம் வீங்கியிருந்தது. சாப்பிட்டுப் படுத்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். முதல் பகல் அதோடு போயிற்று.

இதற்கெல்லாம் அவரைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு வலி. வாழ்த்துச் செய்தியைக் கேட்டதற்கு, "கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சேன்ணே" என்றார். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. ஒருமுறை குறுக்கெழுத்தில் 'மருது' விடையாக வந்தது. "எங்க ஊர்லதான் அவங்களத் தூக்குல போட்டாங்க" என்று அவர் எழுதியிருந்தார். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிட்டது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே படித்தது. அந்தச் செய்திக்கு ஒரு ஹார்ட் வேறு போட்டிருக்கிறேன். கண் படித்தது, மண்டையில் ஏறவில்லை.

சரியாகக் கணக்குப் போட்டிருந்தால் தெற்கே ஐந்து, வடக்கே மூன்று. கொல்லிமலைக்குப் போயிருக்கலாம். அதுகூடப் போகட்டும். அவர் நள்ளிரவில் பஸ் மாறிய திருச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வீடு இரண்டு கிலோமீட்டர். நான் முந்தின நாள் மாலையே காலி சீட்டில் தனியாக உட்கார்ந்து கிளம்பியிருந்தேன்.

ஆகவே யாராவது ஊர்ப் பெயர் சொன்னதும் "ஓ, தெரியுமே" என்று மனசு துள்ளும் பாருங்கள், அந்த நொடியில் ஒரு கேள்வி கேளுங்கள். "பக்கத்துல பெரிய ஊர் எது?" ஜோலார்பேட்டை என்றால் ஒரு கதை, காரைக்குடி என்றால் வேறு கதை. ஆலங்குடிக்கும் இதே கேள்விதான். புதுக்கோட்டைப் பக்கம் ஒன்று, குரு கோயில் இருக்கும் ஆலங்குடி கும்பகோணத்துப் பக்கம்.

சென்னைக்காரர்கள் எல்லோரையும் கிளாம்பாக்கத்துக்கு வரச் சொல்வது

திருவள்ளூரில் இருப்பவரும் "சென்னை" என்றுதான் சொல்வார். கும்மிடிப்பூண்டியும் அப்படியே. தெற்கே போகும் பஸ்ஸைப் பிடிக்கும் முன்பே அவர்களுக்குப் பாதிப் பயணம் முடிந்திருக்கும்.

இலங்கை நண்பர் என்றால் யாழ்ப்பாணம்

மட்டக்களப்பு இருக்கிறது. வவுனியா, ஹட்டன் இருக்கின்றன. "யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்குத்தான் பிளைட் இருக்கே" என்று எடுத்தவுடன் சொல்லாதீர்கள்.

பழைய பெயர்கள்

மாயவரம்தான் மயிலாடுதுறை. பெரியவர்கள் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்வது

மாவட்டத்தைக் கேட்டால் தீர்ந்தது என்று நானும் கொஞ்ச நாள் நினைத்தேன். ஆம்பூர்க்காரர் இன்னும் பழக்கதோஷத்தில் வேலூர் மாவட்டம் என்பார். தென்காசிக்காரர் திருநெல்வேலி என்பார். இரண்டு மாவட்டமும் 2019-இல் பிரிந்தவை, வாய் அவ்வளவு சீக்கிரம் பிரிவதில்லை.

இப்போது நான் கேட்பது பின்கோடு. முகவரி கேட்டால் சிலர் தயங்குவார்கள், குறிப்பாகப் பெண்கள், அது நியாயமும்கூட. ஆறு இலக்கம் தருவதில் யாருக்கும் சங்கடமில்லை. வடக்கத்தித் திருப்பத்தூர் 635601. தம்பியின் திருப்பத்தூர் 630211. ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேரிடமும் வாங்கி, மேப்பில் எட்டுப் புள்ளி வைத்துவிட்டு அப்புறம் ரூம் தேடலாம்.

அக்கா மகனிடம் இதைச் சொல்லியனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் வந்தது. "மாமா, ஒருத்தன் பாண்டிச்சேரின்னுதான் சொல்லிட்டிருந்தான். பாண்டிச்சேரி 605-ல ஆரம்பிக்குது. இவன் 609602-னு அனுப்பியிருக்கான். தப்பா அடிச்சிட்டானோ?"

தப்பாக அடிக்கவில்லை. பாண்டிச்சேரி யூனியன் பிரதேசம்தான், பாண்டிச்சேரி ஊர் இல்லை. பையன் காரைக்கால். கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் தாண்டி நூற்றுமுப்பது கிலோமீட்டர் தெற்கே, நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில். நாகப்பட்டினத்துப் பையனோடு ஒரே காரில் வரவேண்டியவன் அவன்தான் என்று பதில் போட்டேன்.