சேறு காட்டிக்கொடுத்த காரணம்
வலது கணுக்கால் உட்புறமாக மடங்கிச் சுளுக்கி ஆறு வாரங்களே ஆகியிருந்ததால், நெடுந்தூர மலைப்பாதை ஓட்டத்தில் ஓடாமல், வழிநெடுக அடையாள நாடா கட்டும் தன்னார்வப் பணியை ஏற்றேன். சமதளத்தில் வலியே இல்லாதிருந்தும், பணியின் முதல் மூன்று நாட்களும் பிற்பகலில் வெளிப்புற எலும்புக்குக் கீழே வீங்கியது. கணுக்கால் பட்டையை இறுக்கியும், காலணியை மாற்றியும், தூரத்தைக் குறைத்தும் பயனில்லை.

மூன்றாம் நாள் மாலை காலணிகளைக் கழற்றியபோதுதான் கவனித்தேன்: வலதில் வெளி விளிம்பிலும் இடதில் உள் விளிம்பிலும் மட்டுமே சேறு அப்பியிருந்தது. சரிவின் குறுக்கே செல்லும் பாதையில் வலது கால் எப்போதும் பள்ளப் பக்கமே இருந்ததால், ஒவ்வோர் அடியிலும் பாதம் முன்பு சுளுக்கிய அதே திசையில் மடங்கியிருக்கிறது.

மறுநாள் மீதிப் பகுதியை எதிர்முனையிலிருந்து கட்டினேன். வலது கால் மேட்டுப் பக்கம் வந்தது, வீக்கம் வரவில்லை. பெரும் நிம்மதி. போட்டி நாளில் தண்ணீர் மேசையருகிலும் வலது கால் மேட்டுப் பக்கம் இருக்கும்படியே நின்றேன்.