மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்: வாங்கும் முன்னும் நீரில் இறங்கும் முன்னும்

சிலிண்டரோடு நீரில் மூழ்கி, ஆழத்தில் அழுத்தம் கூடிய காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. அது வெளியேற அவகாசம் தராமல் வேகமாக மேலேறினால் உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பிரிந்து, மூட்டுவலி முதல் கைகால் செயலிழப்பு வரை உண்டாக்கக்கூடும். டைவ் கம்ப்யூட்டர் இந்த ஆபத்தைத் தவிர்க்க உதவும் கருவி. ஆனால் அது உங்கள் உடலில் உள்ள நைட்ரஜனை அளப்பதில்லை. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தையும் கடந்த நேரத்தையும் அளந்து, சேர்ந்திருக்கக்கூடிய நைட்ரஜனைக் கணக்கிட்டுச் சொல்கிறது. நீங்கள் முந்தைய இரவு உறங்கினீர்களா, உடலில் நீர் வற்றியிருக்கிறதா, குளிரில் நடுங்குகிறீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கருவியைத் தேர்ந்தெடுப்பதும் அமைப்பதும் இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்றைய கருவிகள் பலவற்றில் இருப்பது சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆல்பர்ட் ப்யூல்மன் வகுத்த கணக்குமுறை. அது உடலை 16 கற்பனைத் திசுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நைட்ரஜன் ஏறி இறங்கும் வேகத்தைத் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. சில நிறுவனங்கள் வேறு கணக்குமுறைகளைப் பயன்படுத்துகின்றன. எந்த முறையாக இருந்தாலும், எச்சரிக்கை அளவை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வழியுள்ள கருவியை வாங்குவதே நல்லது. ப்யூல்மன் முறைக் கருவிகளில் இது 40/85 போன்ற இரண்டு எண்களாகத் தெரியும். இரண்டாவது எண் 85 என்றால், மேற்பரப்பை அடையும் நேரத்தில் திசுக்களிலுள்ள நைட்ரஜன், கணக்குமுறை அனுமதிக்கும் எல்லையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பொருள். எண் குறையக் குறையப் பாதுகாப்பு இடைவெளி கூடும், அடியில் தங்கும் நேரம் குறையும். வயது கூடியவர்களும், களைப்பாக இருப்பவர்களும், ஒரே நாளில் பல முறை இறங்குபவர்களும் குறைந்த எண்ணையே வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது திரை. வசதிகளின் பட்டியல் அதற்குப் பிறகுதான். மங்கிய வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்து ஒரே பார்வையில் ஆழம், கடந்த நேரம், மிச்சமுள்ள நோ டெகோ நேரம் (வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலேற, இன்னும் அடியில் தங்கக்கூடிய நேரம்) ஆகிய மூன்றையும் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு இதைவிட முக்கியமான சோதனை இல்லை. கையுறையோடு பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். நைட்ராக்ஸ், அதாவது சாதாரணக் காற்றைவிட ஆக்ஸிஜன் கூடிய கலவைக்கான வசதி இன்று எளிய கருவிகளிலும் இருப்பதால், அது இல்லாத ஒன்றை வாங்கத் தேவையில்லை. சிலிண்டர் அழுத்தத்தை மணிக்கட்டுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் வசதியானதே. ஆனாலும் சாதாரண பிரஷர் கேஜைக் கழற்றிவிட வேண்டாம், ஏனெனில் சமிக்ஞை அறுந்துபோகும் நேரத்தில் கேஜ் மட்டுமே துணை. பேட்டரியை நீங்களே மாற்ற முடிவது, பயணங்களில் பெரும் நிம்மதி. வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) ஆழத்தில் அமுங்கி மெலிவதால் பட்டை தளரும். மணிக்கட்டில் சுழன்று போகாதிருக்க நெகிழ்கயிறு பொருத்தத்தக்க கருவி சிறந்தது.

ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் வாயு அமைப்பைத் திரையில் பார்த்தே ஆக வேண்டும். நேற்று 32 சதவீத ஆக்ஸிஜன் கொண்ட நைட்ராக்ஸில் இறங்கியவர், இன்று சாதாரணக் காற்று நிரப்பிய சிலிண்டரோடு அமைப்பை மாற்றாமல் இறங்கினால், உண்மையில் சேரும் நைட்ரஜனைவிடக் குறைவாகவே கருவி கணக்கிடும். தங்கக் கூடாத நேரத்தையும் தங்கலாம் என்று காட்டும். மாறாக, நைட்ராக்ஸைச் சுவாசித்துக்கொண்டு கருவியைக் காற்றிலேயே விட்டுவிட்டால் ஆக்ஸிஜன் எல்லை பற்றிய எச்சரிக்கை சரியாக வராது; ஆழத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம் மிகுந்தால் அதுவும் ஆபத்தே. ஆக்ஸிஜன் அழுத்த எல்லையை 1.4 பார் (அழுத்த அலகு) என்று கொண்டால், 32 சதவீதக் கலவையோடு ஏறக்குறைய 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஆகவே சிலிண்டரிலுள்ள ஆக்ஸிஜன் சதவீதத்தை நீங்களே அளந்து, கிடைத்த எண்ணை அங்கேயே பதிவிடுங்கள். மலைப்பகுதி ஏரிகளில் இறங்கும்போது உயர அமைப்பையும் சரிபார்க்க வேண்டும்.

நீருக்கடியில் நோ டெகோ நேரம் என்பது, கட்டாய நிறுத்தம் இல்லாமல் மேலேற இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்பதைச் சொல்வது. பரவலாகக் கற்பிக்கப்படும் ஓர் அட்டவணையில் முதல் முறை இறங்கும்போது இது 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம் மட்டுமே. இந்த எண் பூஜ்யத்தைத் தொடும்வரை காத்திருக்காமல், சில நிமிடங்கள் மிச்சமிருக்கும்போதே ஆழம் குறைந்த இடத்துக்கு நகருங்கள். நோ டெகோ நேரம் நிறைய இருப்பதால் சிலிண்டரில் காற்றும் நிறைய இருக்கிறது என்று பொருளல்ல.

மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் இருக்கட்டும். கடைசிப் பத்து மீட்டரில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது அழுத்தம் 4 பாரிலிருந்து 3 பாராகக் குறைகிறது; 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போதோ 2 பாரிலிருந்து 1 பாராக, அதாவது பாதியாகிவிடுகிறது. குமிழிகள் விரிவதற்கு ஏற்ற இடம் அதுவே. வேக எச்சரிக்கை ஒலித்தவுடன் நின்றுவிடுங்கள். 5 மீட்டரில் 3 நிமிட சேஃப்டி ஸ்டாப்பை, அதாவது பாதுகாப்புக்காக நின்று செல்வதைத் தவறவிடாதீர்கள். திரையில் டெகோ (கட்டாய நிறுத்தம் தேவை) என்று தோன்றி ஒரு மேல் எல்லை காட்டப்பட்டால், அது விலகும்வரை அந்த ஆழத்துக்கு மேலே ஏறக் கூடாது.

ஒரே கருவியை இருவர் பகிர்வது கூடவே கூடாது. அருகருகே நீந்தினாலும் இருவரின் ஆழமும், அன்று முன்னர் இறங்கிய கணக்கும் வேறுவேறு. இருவரின் கருவிகளும் வெவ்வேறு நேரம் காட்டினால் குறைவானதையே இருவரும் பின்பற்ற வேண்டும். இடையில் கருவி நின்றுவிட்டால் மெதுவாக மேலேறி, சேஃப்டி ஸ்டாப் செய்து, அடுத்த 24 மணி நேரம் இறங்காமல் இருங்கள். வேறொரு கருவியை உடனே கட்டிக்கொண்டு இறங்கினால் அதற்கு உங்கள் உடலில் ஏற்கெனவே உள்ள நைட்ரஜன் தெரியாது.

நோ டெகோ எல்லைக்குள் ஒரு முறை மட்டும் இறங்கியிருந்தால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். கட்டாய நிறுத்தம் நேர்ந்திருந்தால் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக.

கரையேறியதும் கருவியை நன்னீரில் ஊறவைத்து அலசுங்கள். அழுத்த உணரியின் துளைக்குள் உப்பு படிந்தால் ஆழம் தவறாகத் தெரியும். அதை அகற்ற ஊசியையோ அழுத்தக் காற்றையோ பயன்படுத்தாதீர்கள், உணரியே பழுதாகிவிடும். பேட்டரி மாற்றும்போது நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு முடியோ மணல்துகளோ ஒட்டியிருந்தாலும் நீர் கசியும் என்பதால், மூடும் முன் வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றுமுழுதும் பாருங்கள்.