கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுவது எப்படி?

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் பேசலாம்.

முதலில் தீர்மானத்தை வீட்டிலேயே எழுதுங்கள். ஒரு தாளில் ஒரே பொருள். "குடிநீர் வசதி வேண்டும்" என்று எழுதினால் அது கோரிக்கையாகவே நின்றுவிடும். எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்தத் தொட்டி, எந்த அலுவலகம் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே ஊராட்சித் தலைவரிடம் மனுவாகக் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள்.

எதிர்ப்பவர் யார் என்று முன்பே தெரிந்திருக்கும். கூட்டத்துக்கு முன் அவரிடமும் பேசிவிடுங்கள். விஷயத்தைச் சபையில்தான் முதன்முறையாகக் கேள்விப்படுபவர் பெரும்பாலும் முரண்டுதான் பிடிப்பார்.

காரியம் கெடுவது பெரும்பாலும் கையெழுத்தில்தான். வந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதியில் கிளம்பினால், தீர்மானம் பின்னால் எப்படி எழுதப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. வருகைக் கையெழுத்து வேறு, தீர்மானத்துக்கான ஒப்புதல் வேறு. எழுதியதைச் சபையிலேயே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்குக் கீழே வெற்றிடம் விடாமல் கோடு போடச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தின் நகலைத் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த நகலை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள்.