மலைக்கிராமங்களில் சுகாதார ஆய்வா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் ஜவ்வாது மலைக்கோ கல்வராயன் மலைக்கோ ஆய்வுக்குக் கிளம்புகிறவர்கள் இதை அப்படியே அங்கும் பொருத்திவிடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் பழங்குடியினர் 1.1 சதவீதம். அவர்கள் பாடு என்னவானாலும் மாநில சராசரி அசையாது.

ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டோடு வேலையை முடித்துக்கொள்வது இதைவிடப் பெரிய தவறு. அதில் இருப்பவர்கள் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டவர்கள். வராதவர்களைத் தேடித்தானே ஆய்வே? மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங் குழுவினர் பச்சிளங்குழந்தைகளின் நோயையும் இறப்பையும் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தார்கள். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே குழந்தையைக் கவனிக்கும் முறை அங்கே உருவானது. அதன் முடிவுகள் 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன.

அப்புறம், தூரம். "ஆஸ்பத்திரி பக்கம்தான், எட்டு கிலோமீட்டர்" என்று பதில் வந்ததும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். காலை பஸ் எத்தனை மணிக்கு? அதை விட்டால் அடுத்தது எப்போது? போய்ச் சேரும்போது சீட்டு கொடுத்து முடித்திருப்பார்களா? ஸ்கேனுக்கு மலையிறங்க வேண்டுமா? அதுவரை ஆடுகளை யார் பார்ப்பது? மருந்து இலவசம் என்பதால் படிவத்தில் 'செலவு இல்லை' என்று விழும்; போன கூலிக்கு அதில் கட்டமே இருக்காது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. மலையில் அந்த 20,000 பேர் எத்தனை சரிவுகளில் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதை விதி கேட்பதில்லை.

கிராமச் செவிலியரையே துணைக்கு அழைத்துப்போய், அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு "நர்சம்மா ஒழுங்காக வருகிறாரா?" என்று கேட்பவர்களும் உண்டு. என்ன பதில் வரும் என்று சொல்லவா வேண்டும்?

கடைசியாக, அட்டவணையில் 'பழங்குடியினர்' என்று ஒரே வரிசை போடுவது. தமிழ்நாட்டுப் பழங்குடியினரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, சேர்வராயன், கொல்லிமலைக்காரர்கள்). நீலகிரியின் இருளர், பணியர் போன்றோரிடையே அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) ஒரு முக்கியப் பிரச்சினை. எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால், எண்ணிக்கையில் சிறிய பணியர் அந்தச் சராசரிக்குள் காணாமல் போவார்கள். ஒவ்வொரு பிரிவிலும் போதுமான மாதிரி எடுக்க முடியாவிட்டால், ஒரே பிரிவை எடுத்து ஒழுங்காகச் செய்யுங்கள்.