தங்கம் தேடப் போய்த் தவறும் இடங்கள்: கோலார் பட்டையை முன்வைத்து

வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது கர்சீஃபில் ஒரு கல்லை முடிந்து எடுத்துவந்து என் முன்னால் அவிழ்ப்பார்கள். "கிணறு வெட்டும்போது கிடைச்சது சார், மினுங்குது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." பாதிப் பேர் கொண்டுவருவது காக்காப்பொன், அதாவது அப்பிரகம். மீதியில் பெரும்பகுதி பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம். இந்த இரண்டையும் தங்கத்திலிருந்து பிரிக்க ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம், பேனாக்கத்தி போதும். கத்தி முனையால் அழுத்தினால் தங்கம் வெண்ணெய்க்கட்டி மாதிரி வழித்துக்கொண்டு வரும். பைரைட்டில் கத்திதான் வழுக்கும். சுத்தியலால் தட்டினால் பொடிப்பொடியாகும். அப்பிரகம் ஏடு ஏடாக உரியும், தண்ணீரில் மிதக்கும். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது ஒரு பக்கம் மின்னி மறுபக்கம் அணைந்துபோனால் அது தங்கமல்ல. தங்கம் நிழலிலும் அதே மஞ்சள்தான்.

அதற்காக, மினுங்காத கல்லையும் பைரைட்டையும் தூக்கியெறிந்துவிடுவது அடுத்த தவறு. இதைக் கற்றுக்கொள்ள மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லிதான் சரியான இடம். 1893-ல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. தேடியவர்கள் மஞ்சள் உலோகத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு, பித்தளை நிறக் கல்லைப் 'போலிப்பொன்' என்று ஒதுக்கி, சாலைப் பள்ளங்களை நிரப்பினார்கள். மூன்று வருடம் கழித்துத்தான் அது தங்கமும் டெலூரியமும் சேர்ந்த கனிமம் என்று தெரிந்தது. அப்புறம் என்ன, போட்ட சாலையையே பெயர்த்தார்கள். பைரைட்டிலும் ஆர்சனோபைரைட்டிலும் கண்ணுக்கே தெரியாத அளவில் தங்கம் ஒளிந்திருக்கலாம். கோலாரிலேயே கிழக்குப் பக்கத்துச் சாம்பியன் லோடு, அதாவது தங்கம் ஓடும் கல் கீற்று, குவார்ட்ஸ் என்ற படிகக்கல்லில் தங்கம் தந்தது. மேற்குப் பக்க லோடுகளில் அது கந்தகக் கனிமங்களோடு கலந்து கிடந்தது. ஒரே பாறைப் பட்டை, குணம் இரண்டு.

பச்சையைத் தேடாதீர்கள்

'பச்சைக்கல் பட்டை' என்ற பெயரே முதலில் ஆளைக் குழப்பும். ஆர்க்கியன் காலத்தில், அதாவது 250 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்பும் அதன்மேல் படிந்த வண்டலும் மடிந்து, நசுங்கி, சுற்றியுள்ள கிரானைட்டு நிலத்துக்கு நடுவே ஒரு நீளக் கீற்றாக மாட்டிக்கொண்டிருப்பதுதான் இது. மிதமான சூட்டில் வெந்திருந்தால் குளோரைட், எபிடோட் போன்ற கனிமங்களால் பச்சையாக இருக்கும். கோலார் பட்டை அதைவிட அதிகமாக வெந்தது. அங்கே பாறை ஹார்ன்பிளெண்ட் என்ற கருங்கனிமம் நிறைந்து கிட்டத்தட்டக் கறுப்பாக, இரும்புக் கம்பி மாதிரி கனமாக இருக்கும். பச்சையைத் தேடிப் போகும் மாணவர்கள் பட்டைக்கு நடுவிலேயே நின்றுகொண்டு பட்டை எங்கே என்று கேட்பதுண்டு.

இந்தப் பட்டை வடக்கு தெற்காக 80 கிலோமீட்டர் நீளம், பெரும்பாலும் மூன்று நான்கு கிலோமீட்டர் அகலம். வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டு. தெற்கே ஆந்திராவின் சித்தூர்ப் பகுதியைத் தொட்டு, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளும் அதன் வால் நீள்கிறது. ஆனால் 1880 முதல் 2001 வரை எடுத்த சுமார் 800 டன் தங்கத்தில் ஏறக்குறைய எல்லாமே நடுவில் உள்ள எட்டு கிலோமீட்டர்த் துண்டிலிருந்து வந்தது. "எங்க ஊரும் அதே பட்டையிலதான் சார் இருக்கு" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். பட்டைக்குள் இருப்பது நுழைவுச்சீட்டு மட்டும்தான்.

அந்த எட்டு கிலோமீட்டருக்கு மட்டும் என்ன யோகம்? தங்கம் அந்த எரிமலைப் பாறையோடு கூடப் பிறந்ததல்ல, பிறகு வந்து சேர்ந்தது. ஆழத்தில் பாறைகள் வேகும்போது கசிந்த சூடான, கந்தகம் கலந்த தண்ணீர் தங்கத்தைக் கரைத்துச் சுமந்து, நசுங்கி உடைந்த விரிசல்கள் வழியே மேலே ஏறியது. வழியில் இரும்பு நிறைந்த பாறை குறுக்கிட்டால் கந்தகம் இரும்போடு சேர்ந்து பைரைட்டாகிவிடும். சுமந்துவந்த கந்தகம் கைவிட்டதும் தங்கம் அங்கேயே இறங்கிவிடும். அதனால்தான் இரும்பு வரிவரியாகப் படிந்த பட்டைக்கல்லையும் இரும்புச் சத்துள்ள எரிமலைப் பாறையையும் ஒரு நசுங்கிய வலயம் வெட்டும் இடத்தை நாங்கள் முதலில் தேடுகிறோம். தண்ணீர் வந்த வழி, அதை நிறுத்திய கல் இரண்டும் ஒரே இடத்தில் கூடவேண்டும்.

வெள்ளைக் குவார்ட்ஸைக் கண்டதும் துள்ளுவதும் இதே வகைத் தவறுதான். பால் மாதிரி வெள்ளையாக, கண்ணாடித் துண்டு மாதிரி சுத்தமாக இருக்கும் குவார்ட்ஸில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சாம்பல் நிறம் ஓடி, பக்கத்துப் பாறையின் கறுப்புக் கீற்றுகள் சிக்கி, துருக்கறை படிந்த அழுக்குக் குவார்ட்ஸைத்தான் உடைத்துப் பார்க்கவேண்டும். அதிலும் குவார்ட்ஸை மட்டும் சாம்பிள் எடுத்துவிட்டுப் பக்கத்துச் சுவர்ப் பாறையை விட்டுவிடக் கூடாது. கனடாவின் ஹெம்லோவில் பெரிய குவார்ட்ஸ் கீற்று (ரீஃப்) கிடையாது. தங்கம் பைரைட்டோடு பாறை முழுக்கப் பொடியாகப் பரவிக் கிடந்தது. நாடு கடக்கும் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருந்தும் அதன் உண்மையான அளவு 1980-களின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது.

ஒரு சாம்பிள், ஒரு எண்

எங்கள் தொழிலில் மிக அதிகம் ஏமாற்றுவது ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் காகிதம். கணக்காகவே பார்த்துவிடுவோம். அஸ்ஸே, அதாவது தங்க அளவுச் சோதனை, செய்ய எடுக்கும் தூள் வழக்கமாக 30 கிராம். அதற்குள் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு தங்க மணி விழுந்துவிட்டது என்று வையுங்கள். ரவையைவிடச் சின்னது. அதன் எடை சுமார் 1.26 மில்லிகிராம். ஆனால் 30 கிராமில் 1.26 மில்லிகிராம் என்றால் டன்னுக்கு 42 கிராம்! கோலாரின் பொற்காலத்துத் தரம் அது. அதே பையிலிருந்து எடுத்த அடுத்த 30 கிராமில் அந்த மணி இல்லையென்றால் விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டுமே சரியாகச் செய்த சோதனைதான். ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலில் நாலு முந்திரி வந்தது என்பதற்காகப் பானை முழுக்க முந்திரி என்று சொல்ல முடியுமா?

பருக்கைத் தங்கம் உள்ள இடத்தில் அதனால் பெரிய சாம்பிள் வேண்டும், மறுசோதனை வேண்டும், தூளைச் சலித்து மேலே தங்கும் பருமனான பகுதியைத் தனியாகச் சோதிக்கவேண்டும். இடையிடையே தங்கமே இல்லாத கல்லையும், தரம் முன்பே தெரிந்த தூளையும் எண் மாற்றி அனுப்பவேண்டும். வெற்றுக் கல்லில் தங்கம் இருப்பதாக அறிக்கை வந்தால் அந்தக் கட்டு முழுவதையும் நம்பக் கூடாது.

நகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மண் சாம்பிள்களில் தங்கத்தை டன்னுக்கு மில்லிகிராம் கணக்கில் அளக்கிறோம். டன்னுக்கு 50 மில்லிகிராம் என்றால் பல இடங்களில் திரும்பிப் பார்க்கவைக்கும் எண்தான். 50 கிராம் தூளில் அந்த அளவு வர எவ்வளவு தங்கம் வேண்டும்? சுமார் இரண்டரை மைக்ரோகிராம். பக்கத்துக்கு 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடித் தடிமன் உள்ள ஒரு துணுக்கு போதும். மோதிரம் போட்ட கையால் சல்லடையைத் தேய்த்தால் அது உதிர்ந்துவிடும். சாம்பிள் தயாரிக்கும் இடத்தில் மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது இதற்காகத்தான். நம்மூரில் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வந்தால் வரட்டும்.

மண்ணே சொந்த ஊர் மண்ணா என்பதும் பார்க்கவேண்டியது. ஏரி வண்டல் அடித்த வயல், ஓடை மாறிய பள்ளம் இங்கெல்லாம் மேல்மண் வேறெங்கிருந்தோ வந்தது; அடியில் உள்ள பாறையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கோலார் தங்கவயலில் சயனைடு மேட்டுக்கு (தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுக் குன்று) காற்று வீசும் பக்கம் எடுத்த மண்ணில் தங்கம் வந்தால், அது மேட்டிலிருந்து பறந்துவந்த தூளா என்று முதலில் கேட்கவேண்டும்.

சரிவாக வெட்டிய வாழைக்காய்

நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில், துளையிட்டு எடுத்த உருளைக் கல் (கோர்) இருந்த பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் ஆடிப்போனோம். 12 மீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து குவார்ட்ஸும் பைரைட்டும். மாலைக்குள் செய்தி தலைமையகம் போய்விட்டது. மறுநாள் காலை நிதானமாகக் கோரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பட்டைகள் கோரைக் குறுக்கே வெட்டவில்லை, கிட்டத்தட்ட நீளவாக்கில் ஓடின. கோணமானி வைத்தால் 15 டிகிரி. வாழைக்காயைச் சரிவாக வெட்டினால் சிப்ஸ் நீளமாக வரும், காய் தடித்துவிடுமா? உண்மையான தடிமன் மூன்று மீட்டர் சொச்சம்தான். ரீஃப் சாயும் திசையிலேயே எங்கள் துளையும் இறங்கியிருந்தது. சாம்பியன் லோடு மாதிரி மேற்கே சாயும் ரீஃபை மேற்குப் பக்கம் நின்று கிழக்கு நோக்கிச் சாய்த்துத் துளைக்கவேண்டும், அப்போதுதான் குறுக்கே வெட்டும்.

பங்கு வாங்குபவர்களுக்கு இதோடு இன்னொன்று. "20 மீட்டரில் டன்னுக்கு 5 கிராம்" என்று ஒரு கம்பெனி அறிவித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துக் கேளுங்கள். ஒரு மீட்டரில் 96 கிராமும் மீதி 19 மீட்டரில் 0.2 கிராமும் இருந்தாலும் சராசரி 5 கிராம்தான் வரும். சொன்னது பொய்யில்லை. ஆனால் தோண்டப்போவது 20 மீட்டர் அகலத் தாது இல்லை, ஒரு மீட்டர்க் கீற்று. கோரில் பாதியை அறுத்துப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்பதும் கேட்கவேண்டியதே. இந்தோனேசியாவின் பூசாங்கில் கோரை ஏறக்குறைய முழுவதும் நொறுக்கிவிட்டார்கள், திரும்பிப் பார்க்கப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. 1997-ல் வெளியார் வந்து தாங்களே துளையிட்டபோதுதான் சாம்பிள்களில் தங்கத்தூள் கலந்த மோசடி அம்பலமானது. அது பச்சைக்கல் பட்டை அல்ல, ஆனால் பாடம் எல்லாப் பட்டைக்கும் ஒன்றுதான்.

பழைய குழிகள்

நவீன கருவிகளை நம்பிப் பழங்காலக் குழிகளைப் புறக்கணிப்பது எனக்குச் சகிக்கவே முடியாத தவறு. 1802-ல் கோலார்ப் பக்கம் சர்வேக்கு வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், ஊரிகம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்தார். அதைப் படித்துத்தான் 1870-களில் மைக்கேல் லாவெல் உரிமம் கேட்டு வந்தார். பிறகு வந்த மைசூர்க் கம்பெனி பணமெல்லாம் கரைந்து இழுத்து மூடும் நிலைக்கு வந்தது. 1880-களின் நடுவில் கேப்டன் பிளம்மர் என்பவர் பழங்காலத்தவர் தோண்டிய குழிகளுக்கு அடியிலேயே இறங்கிப் பார்த்தார். அங்கே காத்திருந்தது சாம்பியன் லோடு. பின்னாளில் அதைத் தொடர்ந்து மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனார்கள். ரெய்ச்சூரின் ஹட்டியிலும் இதே கதைதான். அங்குள்ள பழங்குழிகள் ஏறத்தாழ 2,000 ஆண்டு பழையவை.

பழங்குழி இருந்தாலே போதும் என்பதும் கிடையாது. நீலகிரியில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் பழைய குழிகள் நிறைய. 1880 வாக்கில் அவற்றைக் காட்டி லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். தாது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கு முன்பே இயந்திரங்கள் மலையேறின. சில வருடங்களில் எல்லாம் அடங்கியது. கோலாரில் இன்னொரு சுற்றுத் தோண்டப் பொறுமை இருந்தது, கீழே ரீஃபும் இருந்தது. தேவாலாவில் தோண்டுவதற்கு முன்பே ஆலை வந்துவிட்டது.

டன் கணக்கைப் பார்த்து வாய் பிளப்பதும் ஒரு நோய். தங்கவயலின் சயனைடு மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு, டன்னுக்கு 0.7 கிராம் வாக்கில் தங்கம் என்பார்கள். பெருக்கினால் 23 டன். உடனே வாட்ஸப்பில் இன்றைய விலையோடு பெருக்கி அனுப்பிவிடுகிறார்கள். அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், தண்ணீருக்கு எங்கே போவது, அலசிய தூளை மறுபடி எங்கே கொட்டுவது என்று யாரும் கழித்துப் பார்ப்பதில்லை.

சரி, கர்சீஃப் கல்லுக்கு வருகிறேன். கொண்டுவருகிறவர்கள் பளபளப்பான துண்டை மட்டும் உடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துவருகிறார்கள். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை கழுவாமல் கொண்டுவாருங்கள். அது உருண்டு கிடந்த கல்லா, பாறையோடு ஒட்டியிருந்ததா, எத்தனை அடியில், எந்தத் திசையில் சாய்ந்திருந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். இரண்டு பக்கத்துச் சுவரிலிருந்தும் மினுங்காத கல் ஒவ்வொன்று கூடவே வேண்டும். உங்கள் பட்டா நிலமே ஆனாலும் உரிமம் இல்லாமல் தங்கம் தோண்ட முடியாது, அதையும் நினைவில் வையுங்கள். கிணற்றை மட்டும் மூடிவிடாதீர்கள், தண்ணீராவது வரும்.