பள்ளி வாசலோடு நின்றுகொள்ளுங்கள்: பெங்களூரில் சின்ன வகுப்புப் பெற்றோர் செய்யும் தவறுகள்

ஜூன் முதல் வாரம் பெங்களூரில் எந்தப் பள்ளி வாசலுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். உள்ளே அழுகிற பிள்ளை, வெளியே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிற அம்மா. நான்கு வருடத்துக்கு முன் நானும் அந்தக் கம்பியைப் பிடித்து நின்றவள்தான். "அழுகையை நிறுத்திட்டா, நீங்க கிளம்புங்க" என்று ஆயாம்மா வந்து சொன்னார். நான் கிளம்பாமல் ஜன்னல் பக்கமாகச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்துவிட்டாள். அப்புறம் மதியம் வரை ஓயவில்லை.

அவள் இப்போது ஐந்தாவது. தம்பி இந்த வருடம் ஒன்றாவது. அவளிடம் நான் செய்த தவறுகளை இன்று எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே ரகம்: அவள் சமாளிக்க வேண்டிய இடத்தில் நான் புகுந்திருக்கிறேன். நான் புகுந்திருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்திருக்கிறேன். தம்பி விஷயத்தில் கொஞ்சம் தேறியிருக்கிறேன். கேட்டில் ஒரே ஒரு முறை டாட்டா, மதியம் யார் கூட்டிப்போக வருவார்கள் என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். பிள்ளை பார்க்காத நேரத்தில் நைசாக நழுவுவதும் தப்புதான். அடுத்த நாள் அது நம் கையை விடவே விடாது.

டிபன் டப்பாவில்தான் பெரிய பாடம் படித்தேன். முதல் மாதம் முழுக்க மகளின் டப்பா போட்டது போட்டபடி திரும்பி வந்தது. இட்லி பிடிக்கவில்லை போல என்று தோசை வைத்தேன், தோசையை விட்டுச் சப்பாத்தி வைத்தேன், நெய்யில் முந்திரி எல்லாம் வறுத்துப் போட்டேன். கடைசியில் பார்த்தால் அவளால் மூடியைத் திறக்க முடியவில்லை. சிந்தக் கூடாது என்று நான் தேடித் தேடி வாங்கிய, நான்கு பக்கமும் கிளிப் போட்ட டப்பா. திறந்து தரச் சொல்லி மிஸ்ஸிடம் கேட்க வெட்கம். எனவே ஜூனுக்கு முன்பே வீட்டில் ஒரு ஒத்திகை பாருங்கள். டப்பாவை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, கடிகாரத்தில் 15 நிமிடம் வையுங்கள். முதல் இடைவேளைக்கு அதற்கு மேல் நேரம் கிடைக்காது. அந்த நேரத்துக்குள் திறந்து, தின்று, மூட முடிகிற அளவுதான் சரியான அளவு.

சாப்பாட்டுப் பெயர்களிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மகள் ஒரு நாள் வந்து "எனக்கு சித்ரான்னா வேணும்" என்று அடம் பிடித்தாள். நான் ஐந்து வகைக் கலந்த சாதம் என்று எண்ணி மலைத்துப் போனேன். அவள் கேட்டது சாதாரண எலுமிச்சை சாதம். இங்கே அதற்கு அதுதான் பெயர்.

பைக்கு வருவோம். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பை ஒன்றரை முதல் 2 கிலோவுக்குள், மூன்று முதல் ஐந்துவரை 2 முதல் 3 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று கர்நாடக அரசு 2019இல் சுற்றறிக்கை விட்டது. 2020இல் வந்த மத்திய அரசின் கொள்கை, பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. இதைக் காட்டிப் பள்ளியோடு சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் தண்ணீர் பாட்டிலைப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒன்றாம் வகுப்புப் பையின் பாதிக் கணக்கு அதிலேயே போய்விட்டது. பள்ளியில் நல்ல தண்ணீர் இருந்தால் அரை லிட்டர் பாட்டில் போதும், அங்கேயே நிரப்பிக்கொள்ளட்டும். நிரப்பத் தெரியாது என்பீர்கள். ஒரு வாரம் சட்டையை நனைத்துக்கொண்டு வருவான், அப்புறம் தெரிந்துவிடும்.

இனி கன்னடம். பெங்களூர்த் தமிழ் வீடுகளில் அதிகத் தவறு நடக்கிற இடம் இதுதான். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ இருந்தாக வேண்டும். அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, அந்தப் பிள்ளைகள் தெருவிலேயே கற்றுக்கொண்டு விடுகிறார்கள். என்னைப் போல வேலைக்காக வந்து அடுக்குமாடியில் அடைந்து கிடக்கிறவர்கள்தான் பதறுகிறோம்.

பதற்றத்தில் செய்கிற முதல் தவறு, பிள்ளை காதில் விழும்படி "இதெல்லாம் எதுக்குத்தான் வைக்கிறாங்களோ" என்று புலம்புவது. அன்றோடு அந்தப் பாடத்தின் மீது பிள்ளைக்கு இருந்த ஆசை போச்சு. இரண்டாவது, தமிழ் எழுத்தை வைத்துக் கன்னட எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது. நமக்கு ஒரே க. அவர்களுக்கு அந்த இடத்தில் நான்கு எழுத்து. தமிழில் கிளி என்கிற பறவை கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அங்கே முதல் எழுத்து 'கங்கை' என்பதில் நாம் முதலில் ஒலிக்கிற மெல்லிய க. நான் சொல்லிக்கொடுத்தபடி மகள் அதை வல்லின க போட்டு எழுதிச் சிவப்பு மையில் வட்டம் வாங்கி வந்தாள். வட்டம் உண்மையில் எனக்குப் போட்டது. மூன்றாவது தவறு, பள்ளியில் எந்த வரிசையில் போகிறார்கள் என்று பார்க்காமல் வீட்டில் அ, ஆ என்று முதலிலிருந்து ஆரம்பிப்பது. அரசுப் பள்ளிகளின் நலி-கலி (ஆடிப்பாடிக் கற்பது) முறையில் தொடக்கமே ர, க, ஸ, த, அ என்றுதான் போகும், அதில் க, த இரண்டும் மெல்லிய ஒலி. எழுதச் சுலபமான, ஒன்றைப்போல் ஒன்று வளைகிற எழுத்துகள் முன்னால் வரும். நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு அந்த வழியிலேயே போங்கள்.

தமிழ் தெரிந்த பிள்ளைக்குக் கன்னடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும், அதைத் திறந்துவிட வேண்டியதுதான். நம் பகரத்தில் தொடங்கும் எத்தனையோ சொற்கள் அங்கே ஹகரமாகிவிடும். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூ, புலி ஹுலி, பாம்பு ஹாவு. வகரம் பல இடங்களில் பாட்டில் என்பதன் பா போல ஒலிக்கும்: வா என்பது பா, வாய் என்பது பாயி. இதை ஒரு விளையாட்டாக வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆடினோம். தம்பி இரண்டே நாளில் பிடித்துக்கொண்டு, பென்சிலை 'ஹென்சில்' என்று சொல்லித் திரிந்தான். அது தப்பு என்று நான் திருத்தவில்லை. வகுப்பில் யாராவது சிரிப்பார்கள், அவனே திருத்திக்கொள்வான். அப்படியேதான் நடந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒலி ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அங்கே மாத்து என்றால் பேச்சு. ஷாலெ என்றால் பள்ளிக்கூடம், நாம் நடக்கிற சாலை இல்லை.

நவம்பர் 1 ராஜ்யோத்சவம். 1956இல் மாநிலம் உருவான நாள். பள்ளி முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இருக்கும், மாறுவேடப் போட்டியும் உண்டு. மகளுக்கு கித்தூர் ராணி சென்னம்மா வேடம் போட்டோம். வாடகைக் கடையில் புடவை, கிரீடம், அட்டை வாள், போதாததற்கு 1824 போரைப் பற்றி ஒரு பக்க வசனம். மேடையில் ஏறியவள் வாளைப் பார்த்தபடி நின்றுவிட்டு இறங்கி வந்தாள். பக்கத்து வீட்டுப் பையன் வீட்டுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து "நானு ரைத்த" என்று இரண்டே சொல் சொல்லி, மண்வெட்டியைத் தோளில் போட்டு, கைதட்டலை அள்ளிக்கொண்டு போனான். அவன் விவசாயியாம். வீட்டில் செய்து எடுத்துவரும் மாடல், சார்ட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா தெர்மாகோல் வெட்டிக்கொண்டிருந்தால் அந்த மதிப்பெண் அப்பாவுக்குத்தான் சேர வேண்டும். இத்தனைக்கும், அந்த 2020 கொள்கைப்படி இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடமே கூடாது. மூன்றிலிருந்து ஐந்துவரை வாரத்துக்கு மொத்தமே 2 மணி நேரம்.

வாட்ஸ்அப் குழுவில் நாளைக்கு என்ன கலர் டிரஸ் என்று இரவு பத்து மணிக்குக் கேட்காதீர்கள். டைரியில் எழுதியிருக்கும். பிள்ளையையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

காய்ச்சலோடு அனுப்புவதைப் பற்றி மட்டும் எனக்குக் கோபமாகவே எழுத வரும். காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்து, நெற்றி குளிர்ந்ததும் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். மருந்தின் வேகம் நான்கைந்து மணி நேரம்தான், மதியத்துக்குள் பள்ளியிலிருந்து போன் வரும், அதற்குள் பெஞ்சில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் சேர்ந்திருக்கும். மருந்தில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லை என்றால்தான் பள்ளி. அம்மை போட்டிருந்தால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை வீடு. வேலைக்குப் போகிற அம்மாவுக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெஞ்சில் இருக்கிற மற்ற இரண்டு பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் அதே கஷ்டம்தான்.

சரி, நாம் உள்ளே போயே ஆக வேண்டிய இடமும் உண்டு. "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க" என்று வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள்தான் இவர்கள். அந்த வழக்கத்தில் இன்னும் சிலர் "ரெண்டு போடுங்க மிஸ்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்திருக்கிறது. பிள்ளை திடீரென்று ஒரு குறிப்பிட்ட பீரியட் உள்ள நாளில் மட்டும் வயிற்று வலி என்றால், உட்கார வைத்துக் கேளுங்கள், நேரில் போய்ப் பேசுங்கள். மகளுக்கு இரண்டாவதில் அப்படி ஒரு வயிற்று வலி வந்தது. நடிக்கிறாள் என்று ஒரு மாதம் விட்டுவிட்டேன். நான் புக வேண்டிய இடத்தில் சும்மா இருந்தேன் என்று சொன்னது அதைத்தான்.

கடைசியாக ஒன்று, பொங்கல். தமிழ்நாட்டில் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று வரிசையாக விடுமுறை. இங்கே சங்கராந்தி ஒரு நாள். ஆகவே ஊருக்குக் கிளம்புகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஜனவரி நடுவில் ஒட்டுமொத்தமாகக் காய்ச்சல் வரும். நானும் ஒரு வருடம் லீவு லெட்டரில் காய்ச்சல் என்றே எழுதினேன். திரும்பி வந்த அன்று மிஸ் "உடம்பு சரியாயிடுச்சா" என்று கேட்க, மகள் தாத்தா வீட்டு மாட்டுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்த கதையை வகுப்புக்கே சொல்லியிருக்கிறாள். அடுத்த வருடம் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், நான்கு நாள் வர மாட்டாள், விட்டுப்போன பாடத்தை எழுதிவிடுவாள். டைரி கையெழுத்தாகித் திரும்பி வந்தது. கீழே மிஸ் பச்சை மையில் எழுதியிருந்தார்: "சரி. எனக்கு ஒரு கரும்பு."