வாட்ஸ்அப் உரையாடலை நீதிமன்றத்தில் சான்றாக்குவது எப்படி?

கடன் வாங்கியவர் வாட்ஸ்அப்பில் கடனை ஒப்புக்கொண்ட செய்தியை அச்சிட்டு வழக்குடன் இணைத்துவிட்டால் போதும் எனப் பலர் கருதுகின்றனர், போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி, அத்தகைய நகலுடன் அதற்கான சான்றிதழும் தாக்கல் செய்யப்பட வேண்டும்.

முதலில், செய்தி உள்ள கைபேசியை மாற்றாமல், விற்காமல் பத்திரப்படுத்துங்கள். அடுத்து உரையாடல் முழுவதையும் தனிக் கோப்பாகச் சேமித்து, அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து மென்பொருள் கணக்கிடும் விரல்ரேகை போன்ற குறியீட்டை, கணக்கிடுங்கள். பின்னர் கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு வேறாகிவிடும் என்பதால், கணக்கிட்ட அதே கோப்பையே பென்டிரைவில் பதிந்து ஒப்படைக்க வேண்டும்.

சட்டத்தின் அட்டவணையிலுள்ள சான்றிதழ் படிவத்தின் ‘அ’ பகுதியைத் தாக்கல் செய்பவரும், ‘ஆ’ பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கருவியின் தயாரிப்பு, மாடல், ஐஎம்இஐ எண் மட்டுமல்ல, நிறம்கூட அதில் கேட்கப்படுகிறது; அலட்சியமாக விட்ட இடங்களே குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புக்குக் கைகொடுக்கும்.

கருவி பிறர் வசமிருந்து, அவர் சான்றிதழ் தர மறுத்தால், அதைத் தருமாறு உத்தரவிட நீதிமன்றத்திடம் மனுச் செய்யலாம் என்று பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு குறித்த 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

சான்றிதழ் ஆவணத்தை ஏற்கச் செய்யுமே தவிர, செய்தியை அனுப்பியவர் கடன் வாங்கியவர்தான் என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும்.